மழை பொய்த்தபோது விதையை மாற்றியவர்கள்

(நாகல் நகரில் பேசியதன் சுருக்கம்)

மழை பொய்த்தால் நம் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுக்கிறோம். கழுதைக்குக் கல்யாணம் செய்கிறோம். முன்காலத்துக் குடியானவன் செய்ததைக் கேளுங்கள்.

அரியானாவிலுள்ள கோட்லா தாகர் என்னும் பழைய ஏரியின் சேற்றில் புதைந்திருந்த நத்தை ஓடுகளைச் சோதித்து, சுமார் 4,100 வருஷங்களுக்கு முன் அங்கே பருவமழை சட்டென்று குறைந்தது என்று 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதே அரியானாவில், பிர்ரானா என்ற சிந்துவெளிக் காலத்து ஊரில் கிடைத்த தானியங்களைப் பார்த்தால், ஆதியில் கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்தவர்கள் மழை குறையக் குறையச் சிறுதானியத்தின் பக்கம் திரும்பியது தெரிகிறது. (மழைக்கால நெல்லும் கூட இருந்தது, அதை நான் மறைக்கவில்லை.) காரணம் என்னவென்றால், சிறுதானியம் கொஞ்ச ஈரத்தில் மூன்று மாதத்திற்குள்ளாகவே அறுப்புக்கு வந்துவிடும். பெரிய நகரங்கள் கலைந்தது மெய்தான். ஆனாலும் ஜனங்கள் அழியவில்லை, சிற்றூர்களில் பிழைத்துக் கொண்டார்கள். அவர்கள் சாமி கும்பிட்டார்களா என்பது வேறு சங்கதி. சோறு போட்டது விதையை மாற்றிய புத்தியேயாகும்.

நம் தமிழ்நாட்டிலும், திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில், புதிய கற்காலத்து மக்கள் விளைத்த கொள்ளும் பச்சைப்பயறும் கரிந்து கிடைத்திருக்கின்றன. வறட்சி தாங்கும் அந்தக் கொள்ளைத்தான் நாம் குதிரைத் தீனி என்கிறோம்! விருந்தாளிக்குச் சாமைச்சோறு போட வெட்கப்பட்டு, கிணறு வறண்ட பின்னும் நெல்லையே நட்டுக் கடனாளியாகிறோம். அரிசி தின்பவன் உயர்ந்தவன், சாமை தின்பவன் தாழ்ந்தவன் என்று எந்த வயிறு சொல்லிற்று?