சொந்த வண்டி, யாருடைய லாபம்?

(இளைஞர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுத்தவர் வண்டியை ஓட்டியது போதும், சொந்தமாக ஒரு மினி லாரி எடுத்து அவசரச் சரக்கு ஓட்டலாம் என்று இங்கே பலர் யோசிக்கிறீர்கள். நல்ல யோசனை. வண்டி ஓட்டுகிறவனாகவே நம்மைப் பார்த்துப் பழகியவர்கள், வண்டிக்கு உரிமையாளனாகவும் பார்க்கட்டும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் மட்டும் உரிமை வந்துவிடாது. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

அவசரச் சரக்கு என்றால் என்ன? ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகம் தீர்ந்து உற்பத்தி நிற்கப் போகிறது. கோவையிலிருந்து நாலு பெட்டி இன்றிரவே போய்ச் சேர வேண்டும். பார்சல் சர்வீசில் போட்டால் குடோன் குடோனாக இறங்கி ஏறும். அதனால் தனி வண்டி பிடிக்கிறார்கள். வாடகை கூடுதல்.

இந்தத் தொழிலுக்குள் நுழைய சட்டம் பெரிய தடை போடவில்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. உரிமத்தை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

தடை பணத்தில் இருக்கிறது. வங்கி ஜாமீன் கேட்கிறது. ஜாமீன் என்றால் நிலம், வீடு. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவன் எதைக் காட்டுவான்? அதனால் தனியார் ஃபைனான்சுக்குப் போகிறான். அங்கே "வெறும் 12 சதவீதம்" என்பார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறைந்துவரும் அசலுக்கான வட்டியா என்று கேளுங்கள். ஐந்து லட்சம், நான்கு ஆண்டு. ஃபிளாட் என்றால் மாத டியூ சுமார் 15,400 ரூபாய். வட்டி மட்டும் 2,40,000. குறைந்துவரும் அசலுக்கு என்றால் டியூ சுமார் 13,170, வட்டி 1,32,000. அதே 12, வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். உண்மையில் அந்த ஃபிளாட் வட்டி சுமார் 21 சதவீதம்.

கையெழுத்துப் போடும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. அலைய வைப்பார்கள். அலையுங்கள். அது சலுகை அல்ல, நம் பங்கு.

இன்னொரு எச்சரிக்கை. "உன் பெயரில் வண்டி எடுக்கிறேன், மானியம் வரட்டும், உனக்கு மாதச் சம்பளம் தருகிறேன்" என்று ஊர்ப் பெரிய மனிதர் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டியூ நின்றால் வழக்கு உங்கள் மேல். காப்பீடு இல்லாமல் விபத்து நடந்தால் இழப்பீடும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில்தான் விழும். லாபம் அவருக்கு, கடன் நமக்கு. பண்ணையடிமை முறை சக்கரம் கட்டி வருகிறது, அவ்வளவுதான்.

வாடகை பேசும்போது திரும்பி வரும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 400 கிலோமீட்டருக்குப் பேசினால் கையில் 10,000. ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால் ஓடியது 800 கிலோமீட்டர். உங்கள் வாடகை பன்னிரண்டரை ரூபாய். அதில்தான் டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., புரோக்கர் கமிஷன், டியூ எல்லாம். உங்கள் சம்பளத்தையும் செலவாக எழுதுங்கள். அதை எழுதாமல் லாபம் என்று நினைப்பது நம் உழைப்பை நாமே இலவசமாகக் கொடுப்பது.

கம்பெனிகள் மூன்று மாதம் கழித்துப் பணம் தரும். உத்யம் பதிவை முதலிலேயே செய்து வையுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டியோடு கேட்கலாம்.

கடைசியாக, உயிர். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போராடி வந்த எட்டு மணி நேரத்தை ஓட்டுநருக்குத் தந்தது. சொந்த வண்டிக்காரனை, டியூ தேதி பதினாறு மணி நேரம் ஓட்ட வைக்கிறது. முதலாளி இல்லாத இடத்தில் கடன் முதலாளியாகிவிடுகிறது. "காலைக்குள் வந்தாக வேண்டும்" என்பது அவர்களுடைய அவசரம். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

ஒற்றை வண்டிக்காரனால் புரோக்கரிடம் பேரம் பேச முடியாது. பத்து வண்டி சேர்ந்தால் முடியும். ரிட்டர்ன் லோடைப் பகிருங்கள், குறைந்தபட்ச வாடகையை ஒன்றாக முடிவு செய்யுங்கள், ஒருவர் டியூ தவறினால் மற்றவர் தாங்குங்கள். வண்டியை ஜப்தி செய்ய அடியாட்களை அனுப்பக் கூடாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அடியாள் வந்து நிற்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியது தீர்ப்பின் நகல் மட்டுமல்ல, தோழர்களும்தான்.

வண்டி வாங்குங்கள். கணக்கோடு வாங்குங்கள். சேர்ந்து ஓட்டுங்கள்.

ஜெய்பீம்.