பூட்டிவிட்டுப் போவோம்

(குற்றாலச் சாரல் காலத்தை முன்னிட்டு நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஆனி பிறந்துவிட்டது. தென்மேற்குக் காற்று மலையைத் தொட்டதும் குற்றாலத்தில் சாரல் ஆரம்பமாகிவிடும். இனி ஞாயிறுதோறும் நம் தெருக்களிலிருந்து வேன்கள் கிளம்பும். இளைஞர்கள் பைக்கில் போவார்கள். சிலர் சைக்கிளிலேயே போய் வருவார்கள். போகட்டும். வருடமெல்லாம் உழைக்கிற குடும்பத்திற்கு ஒரு நாள் அருவிக் குளியல் தேவைதான். ஆனால் எதில் போனோமோ அதிலேயே திரும்பி வர வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் ஒரு சைக்கிளைத் தொலைத்தவன். அதுவும் என் சைக்கிள் அல்ல, இரவல் சைக்கிள். அதிகாலையில் வீடு வீடாகப் பால் ஊற்றும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம், "ஒரு நாளைக்குத் தாப்பா" என்று கேட்டு வாங்கியது. மகனோடு ஐந்தருவிக்குப் போனேன். ஒரு மரத்தடியில் நிறுத்தி, பின் சக்கரப் பூட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் மகனுடைய சைக்கிள் மட்டும் நிற்கிறது. பூட்டுப் போட்டோமே என்று திகைத்துப்போனேன். பின் சக்கரப் பூட்டு சைக்கிளை ஓட்டத்தான் விடாது. தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. இரண்டு பேர் தூக்கி ஒரு லோடு ஆட்டோவில் போட எத்தனை நேரம் ஆகும்?

காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். என்ன கம்பெனி, பிரேம் நம்பர் என்ன, எப்போது வாங்கியது, என்ன விலை, பில் இருக்கிறதா? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "பச்சை நிறம்" என்று மட்டும் சொன்னேன். வேறு சைக்கிள் வாங்கிக் கொடுக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அந்தத் தம்பி கேனைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே பால் ஊற்றினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அமானிதம் என்றால் என்ன என்பதை அந்த நான்கு நாளில் நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த சிறுவனைத்தான் முதலில் சந்தேகமாகப் பார்த்தேன். அவனோ எனக்காக அரை மணி நேரம் கூடவே சுற்றித் தேடினான். பொருள் போன கோபத்தில் கண்ணில் பட்ட ஏழை மீது பழி போடுவது திருட்டை விட மோசம்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பற்றிப் பேசியவருக்குக் கிடைத்த பதில் நம் எல்லோருக்கும் தெரியும். கட்டுவது எப்படி என்பதைத்தான் இப்போது பார்க்கிறோம்.

முதலில் சைக்கிள். அதை அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். இரும்புத் தூண், ஊன்றிய கம்பி வேலி போன்றவை நல்லது. சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் மாட்டினால் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டு போவார்கள். பிரேம், பின் சக்கரம், தூண் மூன்றையும் சேர்த்து மாட்டுங்கள். பூட்டு தரையில் கிடக்க வேண்டாம். தரையில் கிடந்தால் சுத்தியலால் அடிக்க வசதி. புதிய கியர் சைக்கிள் பலவற்றில் முன் சக்கரத்தைக் கையால் ஒரு நெம்பு நெம்பியே கழற்றிவிடலாம். அதற்குள்ளும் ஒரு கம்பிப் பூட்டை விடுங்கள். தூண் கிடைக்காவிட்டால் நாலைந்து சைக்கிள்களைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒன்றைத் தூக்கலாம், ஐந்தைத் தூக்க முடியாது.

அடுத்தது பைக். அருவிக்கரையில் பைக் போவதற்கு முக்கிய காரணம் சாவி. சட்டைப் பையில் சாவி, சட்டை கரையில், நாம் தண்ணீரில்! கூட்டத்தில் ஒருவர் முறை வைத்துக் கரையில் உட்காரட்டும். தனியாகப் போனால் தண்ணீர் புகாத சிறு பையில் சாவியைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இனி வேன். அன்றைக்கு வேன்தான் நமக்கு வீடு. சமையல் சாமான், கேஸ் சிலிண்டர், துணிமணி, செல்போன் எல்லாம் அதில்தான். ஆண்கள் லுஹர் தொழப் போக, பெண்கள் குளிக்கப் போக, டிரைவர் டீ குடிக்கப் போக, கதவு திறந்தே கிடக்கும். யாராவது ஒருவர் எப்போதும் வண்டியோடு இருக்க வேண்டும். அந்த ஒருவர் இரவு முழுக்க ஓட்டிய டிரைவராக இருக்க வேண்டாம், அவர் தூங்கட்டும். இரவு தங்கினால் வெளிச்சத்தில், பக்கக் கதவு சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்துங்கள். நகைகளை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். பாத்திரம் ஏற்ற வேனுக்குப் பின்னால் ட்ரெய்லர் இழுத்துப் போகும் சமையல்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். பூட்டில்லாத ட்ரெய்லரை வேறு வண்டி கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். கொக்கிக்கு ஒரு பூட்டு, சக்கரத்திற்கு ஒரு சங்கிலி, இரண்டும் வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே போய்விட்டால்? 112-க்கு அழையுங்கள், அன்றே புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, திருட்டு நடந்த இடம் எந்த எல்லையில் இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் சட்டம் அதைச் சிறு குற்றமாகவே வைத்திருக்கிறது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரணையில் இறங்க முடியாது. அதனால்தான் விலை போட்ட பில்லைப் பத்திரமாக வையுங்கள் என்கிறேன்.

பைக், கார் வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். மாற்றுச் சாவியை வண்டிக்குள் வைக்காதீர்கள். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போகும் நிலை நமக்கு எதற்கு? அன்றே இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. திருடிய சைக்கிளை வாங்க ஆள் இல்லை என்றால் திருட ஆள் வரமாட்டான். பில் இல்லாமல், பாதி விலைக்கு, அவசரமாக ஒருவர் சைக்கிள் விற்க வந்தால் வாங்காதீர்கள். அது எங்கோ ஒரு பால்காரத் தம்பியின் சைக்கிளாக இருக்கலாம்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில், பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் பிரேம் நம்பர் பதித்திருக்கும். துணியால் துடைத்து அதைப் போட்டோ எடுங்கள். சைக்கிளையும் பில்லையும் கூடவே ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அன்று காவல் நிலையத்தில் என்னிடம் இல்லாத பதில் உங்களிடம் இருக்கும்.

இன்ஷா அல்லாஹ், எல்லோரும் நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள். வஸ்ஸலாம்.