மௌனமான வாத்தியங்கள்

இக்காலத்தில் இசையமைக்கும் ஒருவர் தம் ஆக்கத்தைக் கணினியிலே சேமித்து வைக்கும்போது, அங்கே உண்மையிற் சேமிக்கப்படுவது யாது? ஒலி என்றே பெரும்பாலோர் எண்ணுவர். ஒலிவாங்கியின் முன் பாடிய குரலும் வாசித்த வயலினும் ஒலியாகவே பதிவாகின்றன என்பது மெய்தான். ஆயின் அக்குரலைச் சூழ்ந்து நிற்கும் தந்தி வாத்தியக் கூட்டமும், பியானோவும், மேளமும், பின்னே மண்டபம் போல விரியும் எதிரொலியும் பல வேளைகளில் ஒலியாக அங்கே இருப்பதில்லை. இன்ன சுரத்தை, இன்ன கணத்தில், இவ்வளவு அழுத்தத்துடன், இன்ன வாத்தியம் வாசிக்கவேண்டும் என்ற கட்டளைகளே எழுதப்பட்டிருக்கின்றன. அக்கட்டளைகளை வாசித்து ஒலியாக்கித் தருவது வேறொரு மென்பொருள். கோப்பைத் திறக்குந்தோறும் அது புதிதாக வந்து வாசித்தாகவேண்டும். அது வராவிட்டாற் கட்டளை இருக்கும், இசை இராது.

அவ்வாறு வாசிக்கும் மென்பொருளை ஆங்கிலத்திற் பிளக்கின் என்பர். தமிழிற் செருகுநிரல் என்னும் பெயர் வழக்கிற்கு வந்துள்ளது. இசையாக்க மென்பொருளை ஒரு மேடை என்று கொண்டால், செருகுநிரல்கள் அம்மேடைக்கு அழைக்கப்படும் வித்துவான்கள். மேடை ஒருவருடையது, வித்துவான்களோ வேறு வேறு ஊரினர். 1983ஆம் ஆண்டில் மிடி என்னும் பொதுமொழி வெளிவந்தபின், வெவ்வேறு கம்பனிகள் செய்த மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1989இல் ஜேர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் கியூபேஸ் என்னும் மென்பொருளை அற்றாரிக் கணினிக்கு வெளியிட்டது. அதே நிறுவனம் 1996இல் விஎஸ்ரி என்னும் முறையைக் கொணர்ந்தபோது, எதிரொலி முதலிய நகாசு வேலைகளுக்கென இருந்த பெட்டிகள் மென்பொருளாக மாறிக் கணினிக்குள்ளே குடிபுகுந்தன. 1999இல் வாத்தியங்களும் அவ்வழியே உட்புகுந்தன. அப்பிள் நிறுவனம் தன் மக் கணினிகளுக்கென ஓடியோ யூனிற் என்னும் வேறொரு முறையை வகுத்துக்கொண்டது. ஓர் அறை நிறைந்த கருவிகள் மேசைமேல் வைக்கும் ஒரு பெட்டிக்குள் அடங்கின.

இந்த வசதியில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. கணினியின் அடித்தளமான இயங்குதளம், அதாவது பாடசாலை நூல்களிற் பணிசெயல் முறைமை எனப்படுவது, ஒரு நிறுவனத்தினுடையது. அதன்மேல் நிற்கும் இசையாக்க மென்பொருள் பெரும்பாலும் இன்னொருவருடையது. செருகுநிரலை ஆக்கியவர் மூன்றாமவர். களவாகப் பிரதி எடுப்பதைத் தடுக்க அதிற் பூட்டுப் போட்டவர் பல வேளைகளில் நாலாமவர். நால்வருக்கும் நாலு நாட்காட்டி. முதலாமவர் தம் இயங்குதளத்தை மாற்றும் நாளில் ஏனைய மூவரும் ஆயத்தமாக இருந்தே தீரவேண்டும் என்று யாதொரு கட்டாயமும் இல்லை.

ஆகவேதான், இற்றைப்படுத்தவா என்று கணினி கேட்டதற்கு ஆம் என்று சொன்ன ஒருவர், மறுநாட் காலையில் தம் கோப்பைத் திறக்கும்போது இருபது தடங்களில் ஏழு தடங்கள் வெறுமையாய்க் கிடக்கக் காண்கின்றார். நாடகத்துக்கோ திரைப்படத்துக்கோ இசையை ஒப்படைக்கவேண்டிய நாள் நெருங்கியிருக்கும். அப்பதற்றத்திற் செய்யப்படும் முதற் காரியமே பெரும்பாலும் கேடாய் முடிகின்றது. வாத்தியங்கள் இல்லாத நிலையில் திறந்த கோப்பை அதே பெயரிற் சேமித்துவிடுவர். காணாமற்போன செருகுநிரலின் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் மென்பொருள்களும் உண்டு, வைத்திராதனவும் உண்டு. தம்முடையது எவ்வகை என்பது தெரியாதவர், வேறு பெயரில் ஒரு பிரதி செய்துகொண்டு அப்பிரதியிலேயே கைவைத்தல் வேண்டும். முழுக் கணினியையும் துடைத்துவிட்டு மீண்டும் எல்லாவற்றையும் பதியுங்கள் என்று அயலார் கூறும் வைத்தியம், தலைவலிக்குத் தலையை வாங்குவது போன்றது. அதனைக் கடைசியிலும் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

முதலிற் பார்க்கவேண்டியது, பிழை செருகுநிரலினுடையதுதானா என்பது. செருகுநிரல் எதுவும் இல்லாத பழைய குரற்பதிவு ஒன்றைத் திறந்து ஒலிக்கச் செய்தல் வேண்டும். அதுவும் ஒலிக்கவில்லையெனின், குற்றம் வேறிடத்தில் உள்ளது. இற்றைப்படுத்தலின்பின் ஒலி வெளிச்செல்லும் வாயில் மாறியிருக்கலாம். வெளியே பொருத்திய ஒலியிணைப்புப் பெட்டிக்குரிய இயக்கி நிரல் தடுக்கப்பட்டிருக்கலாம். மக் கணினிகளில் 2017ஆம் ஆண்டு முதல், அத்தகைய இயக்கிகள் சிலவற்றை உரியவர் தாமே அனுமதித்தாலன்றி அவை இயங்கா. 2018 முதல் ஒலிவாங்கியைப் பயன்படுத்தவும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி அனுமதி தேவை. அனுமதி இல்லாதபோது பதிவு நடப்பதுபோலவே தோன்றும். பதிவாவது வெறும் அமைதி. ஒலிவாங்கியையும் கம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போனவர் பலர்.

குரற்பதிவு நன்கு ஒலிக்க, வாத்தியங்கள் மாத்திரம் மௌனமாயிருப்பின், இனிக் குற்றம் செருகுநிரலின் பக்கம் என்று கொள்ளலாம். அது எவ்விதம் மௌனமாயிற்று என்பதே அடுத்த வினா. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல இதனைப் பொறுமையாகப் பார்த்தல் வேண்டும்.

பட்டியலிலே பெயரே இல்லையெனின், இசையாக்க மென்பொருள் அதனைக் கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டும் தள்ளிவிட்டது என்பது பொருள். லொஜிக் புறோ போன்ற மென்பொருள்கள் செருகுநிரல் ஒவ்வொன்றையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தே உள்ளே விடுகின்றன. சோதனையில் ஒருமுறை தவறியது, பின்னர்ச் சீர்செய்யப்பட்டாலும், தவறியது என்ற பழைய குறிப்பினாலேயே வெளியில் நிற்கக்கூடும். செருகுநிரல் முகாமைப் பகுதியைத் திறந்து, அந்தக் குறிப்பை நீக்கி, மறுபடியும் சோதிக்கச் செய்தால் அநேக வித்துவான்கள் மேடைக்கு மீண்டு வந்துவிடுவர். கியூபேசிலும் தடைப்பட்டியல் ஒன்று உண்டு. விண்டோஸ் கணினிகளில் விஎஸ்ரியின் மூன்றாம் பதிப்புக்கு நிலையான ஓர் உறையிடம் வகுக்கப்பட்டுள்ளது. பழைய இரண்டாம் பதிப்புக்கு அவ்வாறு இல்லாமையால், அவரவர் விரும்பிய இடத்தில் வைத்தனர். புதிய கணினிக்கோ புதிய பதிப்புக்கோ மாறும்போது அந்த இடத்தின் விலாசம் மறக்கப்பட்டுவிடுகின்றது. விலாசத்தை மீண்டும் எழுதிக் கொடுத்தாற் போதுமானது.

இவற்றால் ஆகாத ஒரு வகையும் உண்டு. பழைய செருகுநிரல்கள் 32 பிற் என்னும் அளவுமுறையில் எழுதப்பட்டவை. புதியவை 64 பிற் முறையின. இரண்டையும் பல ஆண்டுகள் ஏற்றுவந்த அப்பிள் நிறுவனம், 2019 ஒக்டோபரில் வெளியிட்ட கற்றலீனா என்னும் பதிப்பிலிருந்து 32 பிற் மென்பொருளை அடியோடு விலக்கியது. அன்று பலருடைய பழைய ஆக்கங்கள் ஒரே இரவில் வாத்தியங்களை இழந்தன. அதே பதிப்பு வேறொரு குழப்பத்தையும் செய்தது. இயங்குதளம் இருக்கும் பகுதியை எவரும் எழுதமுடியாதபடி பூட்டியது. அங்கே வட்டின் தலைவாயிலில் வைக்கப்பட்டிருந்த கோப்புகளை வேறோர் உறைக்கு மாற்றியது. அதனால் வாத்தியம் வழக்கம்போலத் திறக்கும், விசைகளும் அசையும், ஆனால் தனக்குரிய ஒலிமாதிரிகளைக் காணாமல் நாவற்றுக் கிடக்கும். இது செருகுநிரலின் பழுது அன்று. ஒலிமாதிரிகள் சென்ற இடத்தை அதற்குக் காட்டிக்கொடுத்தல் வேண்டும். அவை வெளிவட்டில் இருப்பின், அவ்வட்டைத் திறக்க அனுமதியும் வேண்டும்.

2020 நவம்பரில் வந்தது இன்னொரு திருப்பம். அப்பிள் நிறுவனம் இன்ரெல் செயலிகளை விட்டுத் தானே வடிவமைத்த எம்1 என்னும் செயலிக்கு மாறியது. செயலி மாறினால் அதன் மொழியும் மாறும். பழைய மொழியில் எழுதியதைப் புதிய செயலிக்கு மொழிபெயர்த்துக் கொடுக்க றொசெற்றா 2 என்னும் துபாஷி அமர்த்தப்பட்டார். மேடை புதிய மொழியிலும் வித்துவான் பழைய மொழியிலும் நின்றால், பல மென்பொருள்களில் வித்துவான் உள்ளே வரமாட்டார். அப்போது இசையாக்க மென்பொருளின் விவரப் பகுதியில், றொசெற்றா வழியாகத் திறக்க என்னும் கட்டத்தைக் குறித்துத் திறந்தால் இருவரும் ஒரே மொழியில் நிற்பர். வேகம் சற்றுக் குறையினும் வேலை முடியும். ஆயினும் இத்துபாஷியின் சேவை முழு அளவில் மக்ஓஎஸ் 27 வரையிலேயே கிடைக்கும் என்று 2025 ஜூனில் அப்பிள் நிறுவனம் அறிவித்துவிட்டது. துபாஷியை நம்பி இருப்போர் நாளை எண்ணிக்கொள்ளவேண்டியவர்களே.

பெயர் பட்டியலில் இருந்தும், திறக்கும்போது எச்சரிக்கை ஒன்று தோன்றித் தடுப்பின், அது பாதுகாப்புக் காவலரின் வேலை. செய்தவர் இன்னார் என்பதும், தீங்கான நிரல் அல்ல என்பதும் உறுதிப்படாத மென்பொருளை இயங்குதளம் வாசலிலே நிறுத்துகின்றது. செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து புதிய பதிப்பை எடுத்துப் பதிவதே நன்று. எவரோ கொடுத்த பிரதிக்கு அனுமதி வழங்குமுன் பலமுறை யோசிக்கவேண்டும். காவலரை முற்றாக அகற்றிவிடும் கட்டளைகளைச் சிலர் சொல்லிக்கொடுப்பர். ஒரு புல்லாங்குழல் உள்ளே வரவேண்டும் என்பதற்காக வீட்டுக் கதவையே கழற்றுவது எவ்வாறு தகும்? உரிமச்சீட்டைக் கேட்டு நிற்பின், கணினி தன் அடையாளத்தை இழந்ததாகப் பூட்டு எண்ணுகின்றது; ஐலொக் போன்ற சாவிக் கணக்கினுட் சென்று உரிமத்தை மறுபடியும் இயக்கிக்கொள்ளலாம்.

நிற்க, பயன்படுத்துவோர் எதுவுமே செய்ய இயலாத வேளையும் உண்டு. 2024 மார்ச் 7ஆந் திகதி மக்ஓஎஸ் சொனோமாவின் 14.4 என்னும் பதிப்பு வெளியாயிற்று. அதனை ஏற்றவர்கள் சிலரிடம், பிரதித் தடைப் பூட்டுள்ள ஓடியோ யூனிற் செருகுநிரல்கள் திறக்க மறுத்தன. இசையாக்க மென்பொருளும் சேர்ந்து விழுந்தது. அவற்றை எத்தனை முறை அழித்துப் பதித்தாலும் பயன் இருக்கவில்லை. ஏனெனிற் குற்றம் இயங்குதளத்திலேயே இருந்தது. மார்ச் 25ஆந் திகதி வந்த 14.4.1 என்னும் திருத்தம் அதனை நீக்கிற்று. அத்திருத்தத்தின் குறிப்பிலேயே அப்பிள் நிறுவனம் இப்பழுதைப் பெயர்சொல்லிக் குறித்தது. இடைப்பட்ட பதினெட்டு நாளும் தம் கணினியைக் குடைந்தவர்களிலும், இற்றைப்படுத்தாமற் காத்திருந்தவர்களே பாக்கியசாலிகள். ஒரு பதிப்பு வந்த அன்றே ஏற்பது, தொழிலாக இசை செய்வோருக்கு உகந்ததன்று. பாதுகாப்புத் திருத்தங்களை நெடுங்காலம் தள்ளிப்போடுவதும் உகந்ததன்று. தாம் நம்பியிருக்கும் செருகுநிரல்களைச் செய்தோர், புதிய பதிப்புக்கு ஏற்றது என்று அறிவிக்குமட்டும் பொறுத்தல் நியாயமான நடுவழி.

அறிவிக்க ஆளே இல்லாது போவதும் உண்டு. கமல் ஓடியோ என்னும் சிறந்த நிறுவனத்தை 2015இல் அப்பிள் நிறுவனம் வாங்கியது. அதன் அல்கெமி என்னும் வாத்தியம் அவ்வாண்டிலேயே லொஜிக் மென்பொருளின் ஓர் அங்கமாக மறுபிறவி எடுத்தது. கமல்ஃபற் முதலிய ஏனைய செருகுநிரல்களின் விற்பனையோ நின்றுபோயிற்று. பணம் கொடுத்து வாங்கியவரிடம் இருந்தது, நாளடைவிற் பழசாகிப்போகும் ஒரு கோப்பு மாத்திரமே. பத்து ஆண்டுகளுக்கு முன் அமைத்த மெட்டை மீண்டும் திறந்து ஒரு வரியைத் திருத்த விரும்புபவர், அக்காலத்து ஒலியை எங்கே தேடுவார்?

அதனாலே இற்றைப்படுத்துமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று எல்லாவற்றிலும் பெரியது. ஒவ்வொரு தடத்தையும், செருகுநிரல் வாசித்தபடியே, தனித்தனி ஒலிக்கோப்பாக எழுதி வைத்தல் வேண்டும். எல்லாத் தடங்களும் பாடலின் முதற் கணத்திலிருந்தே தொடங்கவேண்டும். இடையிலே தொடங்கும் வாத்தியத்துக்கு முன்னால் வெறுமையும் சேர்ந்தே எழுதப்படட்டும். அப்போதுதான் வேறெந்த மென்பொருளில் அடுக்கினாலும் தாளம் பிசகாது. மென்பொருளுக்குள்ளே தடத்தை உறையவைக்கும் வசதி இதற்கு ஈடாகாது. அது அந்த மென்பொருளுக்கு மாத்திரமே விளங்கும். 1991இல் மைக்குறோசொவ்ற், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களும் வகுத்த வேவ் என்னும் கோப்புமுறை, இன்றும் எங்கும் திறக்கின்றது. எதிரொலி சேர்த்து ஒன்றும், சேராது ஒன்றுமாக இரு பிரதிகள் எழுதுவோரும் உளர்; அது அதிக யோசனை உள்ளவர் செயல். கூடவே மிடிக் கட்டளைகளையும் தனிக் கோப்பாக எடுத்து, எந்த வாத்தியம், எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்பவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளலாம். பென்சிற் குறிப்பு எந்த இயங்குதளத்திலும் திறக்கும்.

இடம் போதாதே என்று அஞ்சவேண்டியதில்லை. ஐந்து நிமிடப் பாடல் ஒன்றை, விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிற் தரத்தில், இடம் வலம் என இரு வழியாக எழுதினால், ஒரு தடம் ஏறத்தாழ 86 மெகாபைற் கொள்ளும். இருபத்துநான்கு தடங்களும் சேர்ந்து இரண்டு கிகாபைற்றைச் சற்றே தாண்டும். சட்டைப் பையில் அடங்கும் 32 கிகாபைற் நினைவுக்கோல் ஒன்றில் அத்தகைய பாடல்கள் பதினைந்து அளவில் வைக்கலாம். ஒன்றுக்கு இரண்டாக இரு கோல்களில் எழுதி, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்துவிட்டு, அதன்பின் கணினி கேட்கும் கேள்விக்கு ஆம் என்று சொல்லலாம்.