ஐப்பசிப் புயலும் பிழைக்க வந்த நாமும்

(ரிச்சர்ட்ஸ் டவுன் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டார்கள். கூலியைப் பற்றிப் பேசலாம், வாடகையைப் பற்றிப் பேசலாம், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைப் பற்றிப் பேசலாம். வானத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் நம்மில் பாதிப் பேருக்கு மனம் இந்த ஊரில் இருப்பதில்லை. 'வட தமிழகக் கடலோர மாவட்டங்கள்' என்று செய்தியில் ஒரு வார்த்தை வந்தால் போதும். கடலூரில் அம்மா தனியாக இருக்கிறாள், விழுப்புரத்தில் அறுக்க வேண்டிய நெல் நிற்கிறது, ஊத்தங்கரையில் தம்பியின் கடை இருக்கிறது என்று கை வேலையில் ஓடாது.

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் வானத்தைப் பார்க்கவே வேண்டாம். விசாரணை ஜன்னலில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே புயல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவிலுள்ள 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. ஒரு பாலம்தான். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் வண்டிகள் பல ரத்தாயின. மறு ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலம். அன்று தென்மாவட்ட வண்டிகள் நின்றன. ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு விதி இருக்கிறது. "அப்படியானால் ஊருக்கு எப்படிப் போவது?" என்று கேட்பவருக்குச் சொல்ல எங்கள் புத்தகத்தில் ஒரு விதியும் இல்லை.

புயல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கடலின் மேல்நீர் சுமார் 26, 27 டிகிரிக்கு மேல் சூடானால் அதிலிருந்து எழும் ஈரக்காற்று மேலே போய் மேகமாகிறது. அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சுற்றிலுமுள்ள காற்று அங்கே ஓடிவந்து சுழல்கிறது. முதலில் தாழ்வுப் பகுதி, பிறகு தாழ்வு மண்டலம், காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். அப்போதுதான் அதற்குப் பெயர். பெயர் வைப்பதில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. 13 நாடுகள் முறைவைத்துப் பெயர் கொடுக்கின்றன. வர்தா பாகிஸ்தான் கொடுத்தது, மிக்ஜாம் பர்மா கொடுத்தது, ஃபெஞ்சல் சவூதி அரேபியா கொடுத்தது. புயலுக்குப் பெயர் உண்டு. அதில் குடிசை போனவனின் பெயர்தான் பட்டியலில் விட்டுப்போகிறது. அந்தப் பட்டியலைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

ஃபெஞ்சலையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்று வேகத்தில் அது பெரிய புயல் அல்ல. 2016-இல் சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்த வர்தாவோடும், 2011 டிசம்பர் 30-இல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வழித்தெடுத்த தானேயோடும் அதை ஒப்பிட முடியாது. ஆனால் கரையேறிய பிறகு நகராமல் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அதன் மிச்சம் மேற்கே நகர்ந்து, கடலே பார்க்காத ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதத்துக்குத் தமிழ்நாட்டின் சராசரியே ஏறக்குறைய 44 சென்டிமீட்டர்தான். ஒரு பருவத்து மழையை ஒரே நாளில் ஊற்றினால் எந்த ஏரி தாங்கும், எந்த மண்சுவர் நிற்கும்? திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளே அதிகம். அந்த அடிவாரத்தில் யார் வீடு கட்டிக் குடியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. முன்னறிவிப்பு ஐந்து முறை கொடுத்தோம் என்றது அரசு. நள்ளிரவில் வந்த தண்ணீருக்கு முன் எதை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது என்று கேட்டார்கள் கரையோரத்து மக்கள். இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சண்டை பிடிப்பது கட்சிக்காரர்கள் வேலை. நமக்குத் தெரிய வேண்டியது வேறு: அறிவிப்பு யார் கையிலிருக்கும் போனுக்குப் போகிறது? வீட்டிலிருக்கும் கிழவிக்கா, பெங்களூரில் சாரத்தின்மேல் நிற்கும் மகனுக்கா?

அந்தத் தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர்? தென்பெண்ணை. அது பிறப்பது இங்கே, நந்தி மலையில். கன்னடத்தில் தட்சிண பினாகினி என்பார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் சாக்கடையில் விழும் மழைநீர் ஹெப்பாள் பக்கம் போனாலும் சரி, பெள்ளந்தூர் ஏரிக்குப் போனாலும் சரி, கடைசியில் அந்த ஆற்றில்தான் சேருகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறதே, அது இந்த ஊர் அழுக்கு. அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், பிறகு கடலூரில் கடல். பிழைப்புக்காக நாம் எந்த வழியாக மேலே ஏறி வந்தோமோ, ஏறக்குறைய அதே வழியாகத்தான் இந்த ஊர்த் தண்ணீர் நம் ஊருக்குக் கீழே இறங்குகிறது. 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, புயல் புதிதா? புதிதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் பயணிகளோடு ஒரு ரயில் வண்டியையே கடல் கொண்டுபோனது. ரயில்வேக்காரர்கள் இன்றும் அதைப் பேசுவதுண்டு. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமாவில் ஆயிரமாயிரமாக மக்கள் செத்தார்கள். அந்த அளவுச் சாவு இன்று இல்லை. முன்னெச்சரிக்கை வளர்ந்திருக்கிறது, மக்களை முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வங்காள விரிகுடாவில் புயல்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது என்று சொல்வதும் சரியல்ல. மாறியிருப்பது மழையின் நடத்தை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமி சூடாகிறது, கடலும் சூடாகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை எங்காவது ஓரிடத்தில் மொத்தமாக இறக்குகிறது.

இன்னொரு பக்கம், வராமலும் போகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் போனது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாலு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் மிதந்த நகரத்துக்கு நம் பாதையில் தண்ணீர் ஏற்றிப் போனார்கள்! இதில் விவசாயி எதை நம்பி விதைப்பான்? இரண்டு போகம் போனால் மூன்றாவது போகத்துக்கு அவன் பெங்களூர் வண்டியில் ஏறுகிறான். நம் கிளையிலேயே தானேக்குப் பிறகு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் இலங்கை மலையகம் சரிந்து நூற்றுக்கணக்கானோர் செத்ததைப் பார்த்தோம். தேயிலை தேடிப்போன நம் முன்னோரின் பேரப்பிள்ளைகள் லயன் வீடுகளில்தான் இன்னமும் இருக்கிறார்கள்.

இப்போது பட்டியல் விஷயம். மிக்ஜாமுக்குச் சென்னை சுற்றுவட்டாரத்தில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000 ரூபாய். குடிசை சேதத்துக்கு 10,000. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. 6,000-க்கும் 2,000-க்கும் உள்ள இந்தப் பேதம் ஏன் என்று அப்போதே கேள்வி எழுந்தது, கேட்டதில் தப்பில்லை. பணம் போன வழி ரேஷன் கார்டு. டோக்கன் வாங்க ஆள் ஊரில் இருக்க வேண்டும். சேதக் கணக்கெடுக்கக் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது வீட்டு வாசலில் ஆள் நிற்க வேண்டும். பூட்டிய வீட்டுக் கூரை பறந்தால் அது கணக்கில் ஏறுமா? குத்தகைக்கு உழுபவன் பெயர் அடங்கலில் இல்லாவிட்டால் நிவாரணம் நிலத்துக்காரருக்குப் போகும், நஷ்டம் உழுதவனுக்கு நிற்கும்.

ஆகவே சொல்கிறோம்: இங்கே அரிசி வாங்குவதற்காக ஊர் ரேஷன் கார்டை யாரும் ரத்து செய்யாதீர்கள். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டப்படி, முன்னுரிமைக் கார்டு உள்ளவர்கள் ஆதார் இணைத்திருந்தால் அந்தக் கார்டின் மீதே இங்குள்ள கடையில் தானியம் வாங்கலாம். கடைக்காரர் இல்லையென்றால் கிளைக்கு வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

இந்த ஊரிலும் மழை நம்மை விடுவதில்லை. 2024 அக்டோபர் மழையில், இங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள பாபுசாப்பாளையத்தில், கட்டிக்கொண்டிருந்த கட்டிடம் சரிந்து வெளியூர்த் தொழிலாளிகள் அடியில் மாட்டி இறந்தார்கள். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. புயலுக்கு ஊருக்குப் போய் வந்தால் மேஸ்திரி வேறு ஆள் வைத்திருப்பார். 1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. பிறகு 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். ஊருக்குப் போய்வர ஆண்டுக்கு ஒரு முறை பயணப்படி என்ற வாசகம் அதிலும் இருக்கிறது. நம்மில் யார் அதை வாங்கியிருக்கிறோம்? கை தூக்கச் சொன்னால் ஒரு கை எழாது. கட்டிட வேலை செய்கிறவர்கள், 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால், கர்நாடகக் கட்டிடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். தமிழர் என்பதால் தடையில்லை. முதலில் அதையாவது செய்வோம்.

வரும் ஞாயிறு காலை கிளை அறையில் மேசை போடுகிறோம். ஒவ்வொரு குடும்பமும் ஊர்ப் பெயர், தாலுகா, அங்கே இருப்பவர் பெயர், அவர் போன் எண், பக்கத்து வீட்டுப் போன் எண் கொண்டுவரட்டும். ரேஷன் கார்டு, பட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல் இரண்டு. ஒன்று ஊரில் பிளாஸ்டிக் உறையில், ஒன்று இங்கே. வீட்டின் முகப்பையும் கூரையையும் இப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேதத்துக்குப் பிறகு எடுக்கும் படத்தோடு வைத்துக் காட்ட வேண்டும். ஊர் வாரியாகப் பட்டியல் போட்டு, ஒரு தாலுகாவுக்கு ஓர் ஆள் என்று கார்த்திகை முடியும்வரை பொறுப்புக் கொடுப்போம். புயல் அடித்தால் அந்த ஒருவர் போவார். அவருக்குப் போகும் நாள் கூலியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கொடுப்பது. கடலூர்க்காரர்கள் அதிகம் இருப்பதால் அதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.