கைவிட்ட உயிரும் ஐம்பது ரூபாய்த் தண்டமும்

(மகாவீரர் ஜயந்தி விழாச் சொற்பொழிவு)



வளர்த்த விலங்கைக் கைவிடுதல் இந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகும். பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் நிலையில், தக்க காரணமின்றி ஒரு விலங்கை விட்டுச் செல்பவர் குற்றவாளி என்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுகின்றது. முடமான விலங்கைத் தெருவில் சாகவிடும் உரிமையாளரும் அவ்வாறே.

இச்சட்டத்திற்கு வித்திட்டவர் சென்னைக் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்த பின்னரே திரும்பப் பெற்றார்.

தண்டமோ மிகச் சிறிது. முதற் குற்றத்திற்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐம்பது ரூபாய்க்கு இன்று ஒரு மாட்டின் ஒருநாள் தீவனமும் வாராது. குற்றம் நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடராவிடில் அதுவும் இல்லை. வாயில்லா உயிருக்காக அதற்குள் நீதிமன்றம் ஏறுபவர் எத்தனை பேர்? தண்டனையை வலுவாக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் செய்ய வேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றமே எதிர்பார்த்தது.

இனி விரதத்தின் பக்கம் வருவோம். அகிம்சை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைச் சொல்கின்றது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். 11ஆம் பிரிவை அருகில் வைத்துப் படிப்பவர் வியப்படைவர். குறுகிய சங்கிலி, அடி, உறுப்புச் சிதைவு, மிகைபாரம், பட்டினி ஆகிய ஐந்தும் அங்கேயும் குற்றங்களே.

கைவிடுதல் ஐந்தாவதாகிய அன்னபான நிரோதத்தில் அடங்கும். "அவிழ்த்துத்தானே விட்டோம், தீனியைத் தடுத்தது யார்?" என்று கேட்பவர் உண்டு. பிறந்தது முதல் தொட்டியிலேயே நீர் குடித்த மாடு நெடுஞ்சாலையில் நீரை எங்கே தேடும்? தொட்டியிலிருந்து அதனைப் பிரித்ததே தடுத்தல்.

சட்டத்திற்கு எட்டாத இடமொன்றும் உண்டு. வந்தவாசி, திண்டிவனம் வட்டாரத்துச் சமண இல்லங்கள் பலவும் உழவை நம்பி வாழ்ந்தவை. டிராக்டர் வந்தபின் ஏர்மாடு வேண்டாததாயிற்று. கறவை வற்றிய பசுவும் காளைக்கன்றும் சுமையாயின. தெருவில் விட மனமில்லாதவர் சந்தையில் தரகரிடம் விற்கின்றனர். கயிறு கைமாறியதும் சட்டத்தின் பார்வையில் அது கைவிடுதல் அன்று. விரதமோ செய்தலை மட்டுமன்றிச் செய்வித்தலையும் உடன்படுதலையும் கணக்கில் கொள்கின்றது. அக்கயிறு எங்கே போய் முடியும் என்பதை விற்பவர் அறியாதவரல்லர்.

ஏழை உழவரை மட்டும் பழித்துப் பயனில்லை. வேலை செய்யாத மாட்டுக்குத் தீனி போடுவது ஒரு குடும்பத்திற்குப் பெரும்பாரம். ஊர் சேர்ந்தால் அது இலேசாகும். இயந்திரம் அறுத்த வயலில் வைக்கோல் சிதறிக் கிடக்கின்றது, அல்லது கட்டாகி விலைக்குப் போகின்றது. தை அறுவடையில் வீட்டுக்கு இரண்டு கட்டு ஒதுக்கி, ஊர்ப் பொதுவில் ஒரு கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்தால், பத்துக் கிழமாடுகள் அடுத்த அறுவடை வரை அங்கே நிற்க இடமிருக்கும்.