ஊர்ப்பேச்சும் செய்தியும்



பத்திரிகை இயலைப் பற்றிய ஒரு கருத்தரங்கை மாநகர மண்டபம் ஒன்றில் கூட்டாமல், பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பாலசமுத்திரப் பேரூரில் கூட்டவேண்டுமென்று நண்பர்கள் தீர்மானித்ததும், அதற்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை எனக்கு அளித்ததும் மகிழ்ச்சி தருகின்றன. ஏனெனில், நிருபர் எப்போதாவது வந்து போகும் ஊர்களில் வாழ்பவர்களுக்குத்தான், தங்களைப் பற்றி அச்சில் வருவதற்கும் தங்கள் தெருவில் நடப்பதற்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும்.

நம்முன் உள்ள வினா இது: பலர் தத்தமக்குத் தோன்றியபடி சொன்ன அபிப்பிராயங்களைத் திரட்டி, ஒரு தலைப்பைச் சூட்டிப் பிரசுரித்துவிட்டால், அதைப் பத்திரிகைத் தொழில் என்று அங்கீகரிக்கலாமா? கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அமர எனக்கும் ஆசைதான். ஆனால் ஜனங்களின் பேச்சு அவ்வளவு லேசாகத் தள்ளிவிடத்தக்க விஷயம் அன்று. ரேஷன் கடையில் எடை குறைகிறது என்பதை எந்தக் கோப்பும் சொல்வதில்லை. பையோடு வரிசையில் நிற்கும் அம்மாள்தான் சொல்கிறாள்.

இவ்வூரை ஒட்டிய பாலாறு-பொருந்தலாறு அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, அணை நிரம்பிவிட்டது, விடிவதற்குள் மதகைத் திறந்துவிடுவார்கள் என்று டீக்கடையில் பேச்சு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நாலு பேர் சொன்னதைக் கேட்டு, 'பொதுமக்கள் பீதி' என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுக்கப் போகும் நிருபர் ஒருவர். மற்றொருவர், மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், 65 அடி உயர அணையில் நீர் எத்தனையாவது அடியில் நிற்கிறது என்பதை அளவுகோலில் டார்ச் அடித்துப் பார்த்து, பணியிலிருக்கும் பொறியாளரையும் விசாரித்து, திரும்பும் வழியில் ஆற்றங்கரை வயல்காரர் ஏன் பயந்தார் என்பதையும் கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறார். இருவரும் ஒரே பேச்சிலிருந்து புறப்பட்டவர்களே. ஆயினும் பின்னவரை மட்டுமே நான் பத்திரிகையாளர் என்பேன். வயல்காரரின் பயமும் செய்திதான் என்பதை அவர் அறிந்திருந்தார். அது பயம் என்ற அளவிலேயே அதை எழுதினார்.

நியாயஸ்தலங்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பானவை. சென்னையில் வங்கி மேலாளர் ஒருவர் கொலையுண்ட வழக்கில், 1988ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நாளிதழில் வந்த செய்தி செவிவழிச் சாட்சியமே என்றும், எழுதியவர் நேரில் வந்து தாம் கண்டறிந்ததைச் சொல்லாதவரை அதை நிரூபணமாகக் கொள்ளலாகாது என்றும் கூறியது. நிருபர் நேரில் போய் எழுதியதற்கே இந்த மரியாதை என்றால், யாரோ சொன்னதை யாரோ எழுதியதற்கு என்ன மரியாதை கிடைக்கும்!

வம்பை விற்பது இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர், 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய ஏடுகளை நடத்திய லட்சுமிகாந்தனை நினைவுகூர வேண்டும். நட்சத்திரங்களைப் பற்றி ஊர் முணுமுணுத்தவற்றை அவர் அச்சேற்றினார். ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். 1944 நவம்பரில் அவர் கொலையுண்டார். அவ்வழக்கில் திரை நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டுச் சிறையில் கிடந்து, 1947இல்தான் விடுதலையானார்கள். அக்கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த ஏடுகளை வாங்கிப் படித்த ஜனங்களைப் பற்றிச் சரித்திரம் பேசாமல் விட்டுவிட்டதே என்பது என் குறை.

சமீபத்திய உதாரணம் இன்னும் கவலைக்குரியது. 2023 மார்ச் தொடக்கத்தில், ஹோலிப் பண்டிகையை ஒட்டி, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சில காணொளிகள் கைக்குக் கை பரவின. அவற்றையும், அவற்றைக் கண்டவர்களின் ஆவேசத்தையும் வடநாட்டு ஏடுகள் சில செய்தியாக்கின. அந்தச் செய்தியே பிறகு அந்தப் பேச்சுக்கு அத்தாட்சியாகக் காட்டப்பட்டது. பேச்சு செய்திக்குச் சாட்சி, செய்தி பேச்சுக்குச் சாட்சி! பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பும்வரை விவகாரம் முற்றியது. தமிழ்நாட்டின் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, பரவிய காட்சிகளில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டது என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது என்றும் விளக்கினார்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தாக்குதல் பொய், பயமோ முற்றிலும் மெய். திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ நம் வேடசந்தூர் நூற்பாலையிலோ வேலை செய்யும் ஒரு வடமாநில இளைஞனிடம் உட்கார்ந்து, உனக்கு யார் சொன்னார்கள், நீயே பார்த்தாயா, ஊரிலிருந்து உன் தாயார் போனில் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதியிருந்தால், அது முதல்தரமான செய்தியாகியிருக்கும். அதைச் செய்ய ஒரு பஸ் டிக்கெட்டும், கொஞ்சம் இந்தியும், அரைநாள் பொழுதும் போதும். செலவு அற்பந்தான், சோம்பல்தான் பெரிது.

சொன்னவர் யார் என்று அறிந்துகொண்டு ஜனங்களின் பேச்சை அச்சேற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பழைய பத்திரிகாலயங்களில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவர் பெயரும் முழு முகவரியும் தரவேண்டும் என்ற விதி இருந்தது. 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று அச்சானபோதும், ஆசிரியர் மேஜையில் அந்த முகவரி இருந்தது. பின்னாளில், 2006இல் 'தி இந்து' நாளிதழ் வாசகர்களுக்கான ஆசிரியர் என்றொரு பதவியையே ஏற்படுத்தி, வாசகர் முறையிட்டால் விசாரித்துத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. ஜனங்களின் குரலை மதிப்பது என்றால் எனக்கு இவைதாம் நினைவுக்கு வருகின்றன. முகமும் ஊரும் தெரியாத நூறு பேருடைய வாசகங்களை வரிசையாக ஒட்டி, கீழே 'மக்கள் கருத்து' என்று கையொப்பமிடுவது, அந்த நூறு பேருக்குமே செய்யும் அவமரியாதை.

ஆகவே, கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனங்களின் பேச்சைக் கொண்டு எழுதப்பட்ட செய்திகளை ஆராயும்போது, எத்தனை பேர் பேசினார்கள் என்று மாத்திரம் எண்ணாதீர்கள். நிருபர் எத்தனை பேரிடம் திரும்பிப் போய்க் கேட்டார் என்பதையும் தேடிப் பாருங்கள். அந்த விவரம் ஏட்டில் இல்லையென்றால், இல்லை என்று உங்கள் கட்டுரையில் தயங்காமல் பதிவு செய்யுங்கள். இந்தக் கருத்தரங்கு தொடங்கியதாக அறிவித்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.