ஊருக்குப் பத்து ஜான்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் மூன்று ஜான்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்துத்தான் வருகைப் பதிவு. நான் 'மண்டபசாலை ஜான்'. இன்று காலை ஒரு தம்பி, "ஐயா, எனக்கும் ஜான்தான் பேரு. ஊருக்குப் பத்துப் பேரு இருக்கான். கெஜட்ல மாத்திரலாம்னு இருக்கேன்" என்றார். மேடையில் பதில் சொல்றேன்னு வந்துட்டேன்.

தம்பி, யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு 'கடவுள் அருளினார்' என்று பொருள். அதே பெயரோடு 1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் நம் அருளானந்தர். 1686-இல் மறவர் சீமையில் சிறைப்பட்டு, வதைபட்டு, மீண்டு தாய்நாடு போனார். அங்கேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை கொடுத்தார்.

ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு 1819-இல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்; பிறகு சென்னைக்கு வந்தார். வேலூர் மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.

ஜான் ஸ்கடர் சாண்ட்லர் 1849-இல் மதுரையில் பிறந்தவர். எங்கள் மண்டபசாலையில் நிலையம் வைத்திருந்த அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர். லட்சம் சொற்களுக்கு மேல் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முதல் பதிப்பாசிரியர்.

பேரு ஒண்ணுதான். ஒருத்தர் உயிரைக் கொடுத்தார், ஒருத்தர் மருந்தைக் கொடுத்தார், ஒருத்தர் சொல்லைக் கொடுத்தார்.

பக்கத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-இல் ஒரு வேங்கடராமன் பிறந்தார். அதுவும் ஊருக்குப் பத்து இருந்த பேருதான். மதுரையில் அதே அமெரிக்கன் மிஷனின் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1896-இல் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது எழுதி வைத்த கடிதத்தில், கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. உலகம் அவரை ரமண மகரிஷி என்று தேடி வந்தது.

இன்று காலை மறைந்த நண்பர்கள் பட்டியல் வாசித்தார்கள். 'ஜான்' என்றதும் பாதிப் பேர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அது நான் இல்லை. எங்கள் மூவரில் ஒருவன். பரீட்சைக்குப் பணம் கட்ட வழியில்லாமல் நான் நின்றபோது, தன் சைக்கிளை விற்றுக் கட்டியவன்.

தம்பி, பேரை மாத்துறது உங்க இஷ்டம். எனக்கு மட்டும் இந்தப் பேரை விட மனசில்லை. யாராவது கூப்பிட்டா, அவனுக்கும் சேர்த்து 'உள்ளேன் ஐயா' சொல்லிக்கிறேன்.